எட்டு மணி வரை தூங்கிய அம்மா

கேள்வி: துக்கமும் நிம்மதியும் கலந்த மனநிலையை எழுதப்போனால், 'அவள் மனம் தவித்தது' என்பதோடு நின்றுவிடுகிறேன். என்ன செய்யலாம்?
– வாசகி, தேனி

பதில்: அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள். நகை, அழுகை என்று எட்டு உணர்வுகளைச் சொன்ன தொல்காப்பியர் அவற்றுக்கு வைத்த பெயரே மெய்ப்பாடுதான். உடம்பில் தெரியவேண்டும்.

அப்பா நான்கு வருடம் படுக்கையில் கிடந்து போனார். காரியம் முடிந்த மறுநாள் அம்மா எட்டு மணி வரை தூங்கினாள். விழித்ததும், "ஏன்டா எழுப்பல?" என்று என்மேல் பாய்ந்தாள். அப்புறம் கட்டிலுக்கடியில் கிடந்த பெட்பேனை எடுத்துப்போய், இனி யாருக்கும் வேண்டாத அதைத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

இதைக் கதையாக்கியபோது, 'குற்றவுணர்ச்சி' என்றொரு சொல்லை நடுவில் செருகித் தொலைத்தேன். அச்சில் பார்த்தால் இன்னும் கூசுகிறது.