பழைய ட்ரில் பிட் பெட்டி காலியாக இருந்தாலும் வாங்கலாமா?

கேள்வி: பழைய ட்ரில் பிட் பெட்டிகளையும் பட்டறைக் கருவிகளையும் சேகரிக்க ஆசை. எங்கே தேடுவது, எதைப் பார்த்து வாங்குவது, துருவை எப்படி எடுப்பது? பிட் இல்லாத காலிப் பெட்டியை வாங்கலாமா?

தாராளமாக வாங்குங்கள். காலிப் பெட்டியைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். பிட்டை இன்றைக்கும் கடையில் வாங்கிவிடலாம். பழைய பெட்டி நசுங்கிப் போனால் போனதுதான்.

நான் கோயம்புத்தூர்க்காரன். இங்கே ஒரு லேத் பட்டறையை மூடினால், சாமான்களை எடைக்குப் போடும் முன்பே ட்ரில் பிட்டுகளைத் தனியாகப் பொறுக்கி எடுத்துவிடுவார்கள். பிட்டுகள் செய்யும் ஹைஸ்பீடு ஸ்டீல் என்ற எஃகில் டங்ஸ்டன், மாலிப்டினம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் கலந்திருக்கின்றன. பழைய ரகம் ஒன்றில் டங்ஸ்டன் மட்டுமே 18 சதவீதம். அதனால் உடைந்த துண்டுக்கும் சாதாரண இரும்பைவிட நல்ல விலை உண்டு. பெட்டி வெறும் தகரம். அது தகரக் குவியலுக்குப் போய்விடும். உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் அப்படிப்பட்ட குவியலிலிருந்து ஒன்றை எடுத்தபோது, "உள்ளே ஒன்றுமே இல்லைங்க தம்பி, இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கடைக்காரர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

அந்தப் பெட்டியில் இருப்பது ஓர் அளவு முறை முழுவதும்: ஒவ்வோர் அளவுப் பிட்டுக்கும் ஒரு துளை. அங்குலக் கணக்கில் 1/16 முதல் 1/2 வரை, 1/64 வீதம் ஏறும் பெட்டியில் 29 துளைகள். எண் அளவுப் பெட்டியில் 1 முதல் 60 வரை. அங்கே எண் கூடக் கூடப் பிட் மெலியும்: 60ஆம் எண் 0.040 அங்குலம், 1ஆம் எண் 0.228. அது முடிகிற இடத்தில் ஆங்கில எழுத்து வரிசை தொடங்குகிறது. முதல் எழுத்து 0.234, கடைசி எழுத்து 0.413. மூன்றையும் கூட்டினால் 115. அமெரிக்கப் பெட்டிகளில் '115 பிட் செட்' என்று பார்த்திருப்பீர்களே, அந்தக் கணக்கு இதுதான். மெட்ரிக் பெட்டி என்றால் 1 முதல் 13 மில்லிமீட்டர் வரை, அரை மில்லி வீதம் 25 துளைகள். ஆகவே ஒரு பெட்டியைக் கையில் எடுத்ததும் துளைகளை எண்ணுங்கள். எந்த நாட்டு அளவு, எந்த வகை வேலைக்கானது என்பது ஓரளவு அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து, தேய்மானத்தைப் பாருங்கள். எனக்கு இதில் தீராத ஆசை. எல்லாத் துளைகளும் ஒரே மாதிரி தேய்வதில்லை. என்னிடம் உள்ள ஒரு மெட்ரிக் பெட்டியில் 5 மில்லித் துளையைச் சுற்றிப் பெயின்ட் முழுக்கப் போய் வெள்ளைத் தகரம் தெரிகிறது, பக்கத்திலுள்ள 5.5 புதிதுபோல் இருக்கிறது. 6 மில்லி மரைக்கு டேப் போடும் முன், அதாவது துளைக்குள் மரை வெட்டும் முன், 5 மில்லித் துளைதான் போட வேண்டும். அந்தப் பட்டறையில் அதிகம் ஓடிய போல்ட் எதுவென்று இதிலிருந்து ஊகிக்கலாம். அதே பெட்டியில் 6.5க்கும் 7க்கும் நடுவே, பட்டறையிலேயே போட்ட கூடுதல் துளை ஒன்று இருக்கிறது. 8 மில்லி மரைக்கு 6.8 பிட் வேண்டும். அரை மில்லி வீதம் ஏறும் பெட்டியில் அதற்கு இடமில்லை. யாரோ ஒரு தொழிலாளி தன் தேவைக்கு இடம் செய்துகொண்டிருக்கிறார். இதை 'பழுது' என்று சொல்லி விலை குறைப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், பெட்டியிலேயே மிகச் சிறந்த பகுதி அதுதான்.

பெயர்களைச் சொல்வதானால், விரியும்போது அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் இரும்புத் தகடுப் பெட்டிகளுக்கு அமெரிக்காவின் செயின்ட் பால் நகரத்து ஹூவாட் நிறுவனம் பேர்போனது. பிட்டுகளில் மோர்ஸ், கிளீவ்லேண்ட், ஷெஃபீல்டின் டார்மர், நம் சென்னையின் அடிசன் ஆகிய பெயர்களைத் தண்டில் தேடுங்கள். ஸ்டீபன் மோர்ஸ் திருகு ட்ரில்லுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1863இல். மரவேலைக்கான ரசல் ஜென்னிங்ஸ் பிட் செட் எங்காவது கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். மூன்று அடுக்கு மரப்பெட்டியில் கால் அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை 13 பிட்டுகள். அளவுகளையெல்லாம் கால் அங்குலக் கணக்கில் கூட்டினால் 32½ வரும்; அந்தச் செட்டுக்குப் பெயரே அந்த எண்தான். பிட்டின் தண்டில் 4 என்றிருந்தால் 4/16, அதாவது கால் அங்குலம். துளையிடும் துறப்பணத்தை வில் கட்டிச் சுழற்றிய நம் தச்சர்கள் வீட்டிலும் பழைய கருவிகள் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், ஆனால் அவர்களின் குடும்பச் சொத்தைப் பேரம் பேசிப் பிடுங்காதீர்கள்.

பிட்டோடு கிடைத்தால் எஃகின் வகையைச் சோதியுங்கள். ஹைஸ்பீடு ஸ்டீல் உலகின் கண்ணில் பட்டது 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில்தான். அதற்கு முந்தைய பிட்டுகளும், பிறகு வந்த பலவும் கார்பன் ஸ்டீல். சாணைக்கல்லில் லேசாகத் தொட்டால் கார்பன் ஸ்டீல் வெளிர் மஞ்சளாகப் பூப்பூவாய்ச் சிதறும். ஹைஸ்பீடு மங்கிய செந்நிறத்தில் மெல்லிய கோடுகளாக விழும். கார்பன் பிட்டின் முனை நீலம் பாய்ந்திருந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. அலமாரிக்கு ஆகும், வேலைக்கு ஆகாது.

ரயில்வே முத்திரையுள்ள கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தென்னிந்திய ரயில்வே 1951இல் தெற்கு ரயில்வேயோடு சேர்ந்துவிட்டதால் அந்தப் பழைய பெயர் குத்திய ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு. ஆனால் ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏலத்தில் எடுத்ததற்கான ரசீது காட்டாதவரிடம் வாங்க வேண்டாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

துருவுக்கு முதல் மருந்து மண்ணெண்ணெயும் பொறுமையும். ஊறவைத்து, மெல்லிய ஸ்டீல் உல்லால் தேய்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கனத்த துருவுக்கு மின்பகுப்பு: பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் சார்ஜர், கருவிக்கு மைனஸ், எதிரே ஒரு பழைய இரும்புத் துண்டுக்குப் பிளஸ். எதிர்த்துண்டாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வைக்கவே கூடாது. நச்சுத்தன்மையுள்ள குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதால் திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில் செய்யுங்கள். பெயின்ட் அடித்த பெட்டிகளை இதில் போடாதீர்கள், பெயின்ட் உரிந்து வந்துவிடும். மூடியின் உட்புறத்தில் அச்சிட்ட டேப் அளவு அட்டவணை இருந்தால் தண்ணீரும் படக் கூடாது, மண்ணெண்ணெயும் படக் கூடாது. உலர்ந்த மென்துணி போதும். புதுப் பெயின்ட் அடிப்பது பற்றி நினைக்கவே வேண்டாம்.

சுத்தம் செய்தபின் லேசாக மெஷின் ஆயில் தடவுங்கள். பழைய மெஷினிஸ்டுகள் கருவிப் பெட்டியில் ஒரு கற்பூரக் கட்டி போட்டு வைப்பார்கள். அதன் ஆவி துருவை அண்டவிடாது என்பது அவர்கள் அனுபவம். நானும் செய்கிறேன். தோல் உறைக்குள் மட்டும் இரும்பை நெடுநாள் வைக்காதீர்கள், ஈரத்தை இழுத்துத் துருவைக் கூட்டிவிடும்.

தேட வேண்டிய இடம் இணையமில்லை, மூடப்போகும் பட்டறைகள். உரிமையாளரிடம் நேரில் பேசி, எடைக்குப் போடும் முன் பெட்டிகளைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தாலே பெரும்பாலும் சம்மதிப்பார்கள். கிடைத்த பெட்டி எந்த வகை என்று தெரியாவிட்டால் கருத்தில் படம் இடுங்கள், சொல்கிறேன். மூடியின் உட்புறமும் துளை வரிசையும் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள்.