புது வாடிக்கையாளர் ஒருவரைப் பிடிக்க ஆகும் செலவை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு மாதம் புதியவர்களை வரவழைக்கச் செய்த மொத்தச் செலவை, அந்த மாதம் முதல்முறை வாங்கியவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் அது.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு நைட்டிக் கடை ஒன்று இன்ஸ்டாகிராமிலும் விற்கிறது என்று வையுங்கள். விளம்பரம் 6,000, படம் எடுத்தவருக்கு 1,500, முதல் ஆர்டருக்குத் தலா 50 வீதம் தள்ளுபடி 2,500. ஆக 10,000 ரூபாய். புதிதாக வாங்கியவர்கள் 50 பேர். ஆளுக்கு 200. தள்ளுபடியைப் பலரும் இதில் சேர்ப்பதே இல்லை, தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதற்கு இந்தக் கணக்கு? தள்ளுபடிக்கு முன் நைட்டிக்கு 120 ரூபாய்தான் லாபம் என்றால், முதல் விற்பனையில் 80 ரூபாய் கைநஷ்டம். அதே அக்கா இன்னொரு நைட்டி வாங்கினால்தான் 40 ரூபாய் மிஞ்சும். இன்ஸ்டாகிராமில் விளம்பர இடம் ஏலத்தில் போவதால், பொங்கல், தீபாவளி நேரத்தில் போட்டி கூடி இந்தச் செலவு ஏறவும் செய்யும்.

காசிமேட்டில் படகு ஒருமுறை கடலுக்குப் போய்வந்த டீசல், ஐஸ், கூலியை அந்த முறை கிடைத்த மீனோடுதான் கணக்குப் பார்ப்பார்கள். நேற்றைய பெட்டியில் இருக்கும் மீனைச் சேர்க்கமாட்டார்கள். பழைய வாடிக்கையாளரும் அப்படித்தான், அவர் திரும்ப வாங்கினாலும் இந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

லைக் போட்டவர், “விலை என்ன?” என்று கேட்டவர் எல்லாரையும் கடைக்காரர்கள் பலர் எண்ணிவிடுகிறார்கள், ஆனால் பணம் கட்டி வாங்கியவர் மட்டுமே கணக்கில் வருவார்.