ரிப்போர்ட் எல்லாம் நார்மல்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை நாலைந்து வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு முப்பத்தெட்டு வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள். எட்டு மாதமாக உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. முதுகுவலி, படபடப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு தட்டினால் அப்புறம் தூக்கம் கிடையாது. ஃப்ரீசரிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டு சமையல்கட்டில் தனியாக உட்கார்ந்திருப்பேன். காரணமே இல்லாமல் அழுகை வரும். சின்னவன் பென்சிலைத் தொலைத்ததற்குக் கை நீட்டிவிட்டேன். அன்று முழுக்க ஆபீசில் வேலையே ஓடவில்லை.

சுகர், ஈசிஜி, வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்மா. மனசுதான் காரணம், எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார் டாக்டர். "உக்காந்து வேலை பாக்கறவளுக்கு என்ன நோவு?" என்கிறார் மாமியார். கணவர் வாக்கிங் போகச் சொல்கிறார்.

எனக்கு வந்திருப்பது உடம்பு நோயா, மன நோயா? அது தெரிந்தால் யாரிடம் போவது என்று முடிவெடுப்பேன். வெளியிட்டால் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

டாக்டர் "மனசுதான்" என்று சொன்னது உங்கள் வீட்டில் "ஒண்ணுமில்லை" என்று கேட்டிருக்கிறது. எட்டு மாதம் போனது அதில்தான். மனசு என்றாலும் நோய் நோய்தானே. நான் டாக்டர் இல்லை. பட்டதையும் பார்த்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த வருடம் எனக்கு ராத்திரிகளில் நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் நெஞ்சில் எது வந்தாலும் அதற்குப் பெயர் கேஸ். ஓமத் தண்ணீர், பூண்டுப் பால், இஞ்சிச் சாறு எல்லாம் குடித்தேன். ஒரு நாள் உள்ளங்கை மரத்து, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி ஆனதும் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈசிஜி நார்மல். பத்து நாளில் மறுபடியும் ஓடினோம், மறுபடியும் நார்மல். மூன்றாவது தடவை டியூட்டியில் இருந்த சின்னப் பையன் மாதிரியான டாக்டர் ஈசிஜி தாளை மடித்து வைத்துவிட்டு, "கடைசியா எப்பம்மா முழுசாத் தூங்குனீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாவை ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். நாலு மாதமாக அலாரத்தில்தான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

அந்த டாக்டர் ஒரு விஷயத்தைப் புரியவைத்தார். பயத்தில் மூச்சு வேகமெடுத்தால் ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறதாம். விரல் மரப்பதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். விரல் மரத்ததும் 'போச்சு, ஹார்ட் அட்டாக்' என்று இன்னும் பயம், பயத்தில் இன்னும் வேகமாக மூச்சு. அதில் எது உடம்பு, எது மனசு என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நிதானமாக்கச் சொல்லிக் கொடுத்தார். அதைவிட, தம்பியை வரவழைத்து வாரத்தில் மூன்று ராத்திரி அப்பாவைப் பார்த்துக்கொள்ள வைத்ததுதான் என்னைத் தூக்கிவிட்டது. (நெஞ்சு வலித்தால் 'டென்ஷன்தான்' என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் ஈசிஜி. மற்றதெல்லாம் அப்புறம்.)

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் படித்தது ஐஸ் கட்டி வரியை. அதை நீங்கள் நோயாகச் சொல்லவில்லை, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

என் சித்தி மகள் ஒருத்தி இருக்கிறாள். சிடுசிடுப்பு, மறதி, தொட்டதற்கெல்லாம் அழுகை. வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், சரியாகவில்லை. கடைசியில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "அரிசி, சாம்பல், ஐஸ் இப்படி ஏதாவது திங்கிறீங்களா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டுக்கொள்வாள் என்பது வீட்டில் எங்கள் எல்லோருக்கும் தெரியும், கேலிகூடப் பண்ணியிருக்கிறோம். அன்றைக்கே ரத்தம் கொடுத்தாள். ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். மாதாமாதம் ஒரு வாரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதையும் 'பொம்பளைன்னா அப்படித்தான்' என்று விட்டிருந்தோம். கர்ப்பப்பையில் கட்டி.

இரும்புச் சத்து குறைந்தால் சிலருக்கு அரிசி, மண், சிலேட்டுக் குச்சி, ஐஸ் என்று எதையாவது தின்னும் ஆசை வரும். இரும்பு ரத்தத்துக்கு மட்டும் வேண்டிய சரக்கு இல்லை. மூளையில் டோபமின் என்ற, மனநிலையோடு தொடர்புள்ள ரசாயனம் உற்பத்தியாகவும் அது வேண்டும். குறைந்தால் களைப்போடு சேர்ந்து எரிச்சலும் சோர்வும் வந்துவிடும், அதைப் பார்ப்பவர்கள் குணம் என்பார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். எத்தனை வீடுகளில் 'வாயாடி', 'சோம்பேறி', 'திமிர் பிடித்தவள்' என்ற பட்டமெல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன டெஸ்டுகளில் ஹீமோகுளோபின் இல்லை. அதையும், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் முகம் வாடி, மனம் மந்தமாகி, அசல் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். இரும்புதான் குறை என்றால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிப் போடாமல், ரத்தம் எங்கே போகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், கட்டிக்கொள்ளும். என் சித்தி மகள் அதற்குப் பயந்து பத்தாம் நாளே நிறுத்திவிட்டாள், திட்டித்தான் மறுபடி ஆரம்பிக்க வைத்தோம். அளவு சரியான பிறகும் சில மாதம் தொடர வேண்டியிருக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தையும் விடுங்கள். சாப்பாட்டில் இருக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் செய்வது அது.

ரத்தம் குறைவு என்று வந்துவிட்டால் வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள், "அப்ப மனசுல ஒண்ணுமில்ல" என்று. அதை மட்டும் நம்பிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். விடியற்காலையில் முழிப்பு தட்டித் தூக்கம் போவது, காரணமில்லாத அழுகை, வேலை ஓடாதது எல்லாம் மனச்சோர்வின் பழைய அடையாளங்கள். இரண்டு வாரம் தொடர்ந்தாலே காட்டச் சொல்கிறார்கள், உங்களுக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. எது நோய் என்று தீர்ப்பான பிறகு டாக்டரைத் தேட வேண்டியதில்லை, ரத்தம் கொடுக்கிற அதே வாரத்தில் மனநல மருத்துவரையும் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல ஓ.பி. இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரிலிருந்து நடக்கும் அரசு உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம். அந்த மூன்று மணிக்கும் எடுப்பார்கள். உயிரோடு இருந்து என்ன என்கிற மாதிரி எண்ணம் வந்தால் மூன்று மணி வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

முதுகுவலிக்கு அமிட்ரிப்டிலின் மாதிரி ஏதாவது எழுதிக் கொடுத்தால் செல்போனில் பெயரைத் தட்டிப் பார்த்து 'ஐயோ, மெண்டல் மாத்திரை' என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மனச்சோர்வுக்கென்று வந்த மாத்திரைதான். நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் குறைந்த அளவில் பல வருடங்களாகக் கொடுத்து வருகிறார்கள்.

வாக்கிங் விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வது தப்பில்லை. நடப்பது மனச்சோர்வுக்கு நல்லதுதான். ஆனால் படியேறினாலே மூச்சு வாங்குகிறவள் முதலில் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம், காலை ஆறு மணிக்கு நீங்கள் நடக்கப் போனால் இரண்டு டிபன் பாக்ஸை யார் கட்டுவது? அதையும் சேர்த்து அவர் யோசனை சொல்லியிருந்தால் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியிருக்கும். எனக்கு நடை பிடித்துப்போனதே அந்த அரைமணி நேரம் யாரும் "அம்மா" என்று கூப்பிடமாட்டார்கள் என்பதற்காகத்தான். செல்லையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவேன்.

சின்னவனிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அவன் பென்சிலை எப்போதோ மறந்திருப்பான், மறக்காதது நீங்கள்தான்.

டெஸ்ட் எடுத்ததும் எழுதுங்கள். நீங்கள் கேட்டபடி பெயரை எடுத்துவிட்டேன். உங்களை அடையாளம் காட்டுமோ என்று ஐஸ் கட்டியையும் எடுக்கப் பார்த்தேன், மனம் வரவில்லை. இதைப் படிக்கிற இன்னொருத்தி இந்நேரம் ஃப்ரீசரைத் திறந்துகொண்டிருக்கலாம்.

அன்புடன்,
அக்கா