மற்றவர் பாட்டுக்கு வாசித்தால் என் ஜாஸ் போய்விடுமா?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஜாஸ் டிரம்ஸ் பயில்கிறேன். காதால் கேட்டு வாசிப்பேன். தாளில் எழுதிய இசைக்குறிப்பை (நோட்டேஷன்) பார்த்து வாசிக்கத் தெரியாது. ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் பிறர் பாடல்களுக்கு வாசிக்க அழைப்பு வந்திருக்கிறது. பெயர் போட மாட்டார்களாம். கற்ற ஜாஸ் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். உங்கள் பயத்துக்கு அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் ஏர்ல் பால்மரின் வாழ்க்கையையே பதிலாகச் சொல்வேன். 1924இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, சிறு வயதிலேயே மேடையில் டேப் நடனம் ஆடிய அவர், இரண்டாம் உலகப் போரில் படையில் பணியாற்றித் திரும்பியபின், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு உதவியுடன் இசைப்பள்ளியில் சேர்ந்து நோட்டேஷன் கற்றார். விரும்பியது ஜாஸ், ஆனால் அவர் பெயர் நிலைத்ததோ டேவ் பார்த்தலமியூவின் இசைக்குழுவோடு, காசிமோ மடாசாவின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் வாசித்த ரிதம் அண்ட் புளூஸ் பாடல்களால்தான்.

1949 டிசம்பரில் பதிவான பாடகர் ஃபேட்ஸ் டாமினோவின் ‘தி ஃபேட் மேன்’ பாடலைக் காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் விழும் அந்தக் கனத்த அடியை, நியூ ஆர்லியன்ஸ் ஜாஸில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் இறுதிச் சுற்றுக்கென்றே ஒதுக்கி வைப்பது வழக்கம். பால்மர் அதைப் பாட்டு முழுவதும் வாசித்தார். பின்னர் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் வலக்கை பியானோவில் ஒரே சீராக விரைந்து தட்டிக்கொண்டிருக்க, நீட்டியும் குறுக்கியும் துள்ளிச் செல்லும் ஷஃபிள் நடை அதனோடு ஒட்டாததைக் கவனித்து, அந்தக் கைக்கு ஏற்பத் தம் தாளத்தை மாற்றிக்கொண்டார். ராக் அண்ட் ரோல் டிரம்மிங் உருவானதில் இதற்குப் பெரும் பங்குண்டு. உடன் வாசிப்பவரைக் கேட்டு அந்தக் கணமே இசைந்துகொடுக்கும் இந்தக் காதை ஜாஸ்தானே வளர்க்கிறது? அது எப்படி வீணாகும்?

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் நோட்டேஷன் குறைதான். 1957இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்த பால்மர், ‘லா பம்பா’ போன்ற பாடல்களிலிருந்து திரைப்படம், தொலைக்காட்சி வரை எல்லாவற்றுக்கும் வாசிக்க முடிந்ததென்றால், முன்னே வைக்கும் தாளைப் பார்த்த மாத்திரத்தில் பிழையின்றி வாசிக்கத் தெரிந்திருந்ததும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்த வாரமே ஓர் ஆசிரியரைத் தேடிப் பிடியுங்கள்.

பெயர் வராது என்ற உங்கள் வருத்தம் நியாயமானது. அக்காலத்து இசைத்தட்டு உறைகளில் செஷன் கலைஞர்களின் (பிறர் பாடல் பதிவுகளுக்கு ஊதியம் பெற்று வாசிப்பவர்கள்) பெயர் பெரும்பாலும் இராது. தட்டு எத்தனை விற்றாலும் அவர்களுக்குக் கிடைத்தது அன்றைய ஊதியம் மட்டுமே. இசைச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பால்மருக்கு 2000இல்தான் இடம் கிடைத்தது. அவரே லாஸ் ஏஞ்சலிஸ் இசைக்கலைஞர் சங்கத்தின் பொருளாளராகவும் பணியாற்றினார். ஆகவே ஊதியம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், நேரம் நீண்டால் கூடுதலாக என்ன தருவார்கள் என்பவற்றை வாசிக்க உட்காரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெயர் போடுவதைப் பற்றியும் அப்போதே பேசிப் பாருங்கள்.