ஏஸ் ஜோடி கையில் இருந்தும் தோற்பது ஏன்?

கேள்வி: ஹலசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு மெட்ரோவில் வேலைக்குப் போய்வருகிறேன். வழியில் போனில் ‘கவர்னர் ஆஃப் போக்கர்’ என்ற சீட்டாட்ட ஆப்பின் மூன்றாம் பாகம் ஆடுவேன். ரம்மி நன்றாகத் தெரியும், போக்கர் புதிது. இலவச சிப்ஸ் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. ஏஸ் ஜோடி வந்தும் தோற்கிறேன். ஆப் சீட்டை மாற்றிப் போடுகிறதா? சுரங்கத்தில் சிக்னல் போனாலும் சிப்ஸ் குறைகிறது. டெலிகிராமில் மலிவாக சிப்ஸ் வாங்கலாம், ஜெயித்ததை அங்கேயே விற்கலாம் என்கிறார் ஆபீஸ் நண்பர். வாங்கலாமா?
— வாசகி, பெங்களூரு

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் சொல்லும் தோல்விக்கு எந்த மோசடியும் தேவையில்லை. இந்த ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேஜையில். ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒரு முறைதான் வரும். எதிரே ஒரே ஒருவர் ஏதோ இரண்டு சீட்டோடு கடைசி வரை நின்றால், நூற்றுக்கு 85 முறை நீங்கள் ஜெயிப்பீர்கள். மூன்று பேர் நின்றால் அது 64 ஆகிறது. ஐந்து பேர் நின்றால் 49, அதாவது பாதிக்கும் கீழே. இலவச சிப்ஸ் மேஜையில் யாருக்கும் இழப்பின் வலி கிடையாது. கையில் என்ன இருந்தாலும் ஐந்து பேரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். அவர்களில் யாருக்கோ இரண்டு ஜோடி அமைந்துவிடும், இல்லையென்றால் ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேர்ந்துவிடும்.

இதற்கு மருந்து, கூட்டத்தைக் குறைப்பது. நல்ல கை வந்ததும் வெறும் கால் (call, இருக்கும் பந்தயத்துக்குச் சமமாக மட்டும் கட்டுவது) போட்டுப் பதுங்காதீர்கள். பெரிய பிளைண்டைப்போல் (சீட்டுக்கு முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் பந்தயத்தில் பெரியது) மூன்று நான்கு மடங்கு ரெய்ஸ் செய்யுங்கள், அதாவது பந்தயத்தை ஏற்றுங்கள். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் கால் போட்டிருக்கிறார்களோ, ஆளுக்கு ஒரு பிளைண்ட் கூட்டிக்கொள்ளுங்கள். எதிரே ஒருவரோ இருவரோ மிஞ்சினால் போதும்.

சிப்ஸ் தீர்வதற்குக் காரணம் வேறு. அநேகமாக, வந்த கையையெல்லாம் ஆடுகிறீர்கள். 101 பூல் ரம்மியில் ஆடாமல் விலகும் முதல் டிராப்புக்கே 20 பாயிண்ட் ஏறும். போக்கரில் பிளைண்ட் போடாத கையை ஃபோல்ட் செய்தால், அதாவது ஆடாமல் விட்டால், ஒரு சிப்கூடப் போகாது. ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு இது எளிதில் மனதில் ஏறுவதில்லை. ஜோடிகள், பத்தும் அதற்கு மேலும் உள்ள சீட்டோடு வரும் ஏஸ், ராஜா-ராணி, ராஜா-ஜாக், ராணி-ஜாக் ஆகியவற்றை மட்டும் ஆடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சீட்டு சேரக்கூடிய 1,326 விதங்களில் இவை 190தான். ஏழு கைக்கு ஒன்று ஆடினால் போதும் என்று அர்த்தம்.

ஏஸ்-நான்கு மாதிரி கையில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மேஜையில் ஏஸ் விழுந்ததும் ஜோடி வந்த சந்தோஷத்தில் சிப்ஸைத் தள்ளுவோம். எதிராளியிடம் ஏஸ்-ராணி இருக்கும். ஜோடி சமம், பக்கச் சீட்டில் அவர் உயர்வு. சின்ன ஜோடியிலும் கவனம் வேண்டும். மேஜையில் விழும் முதல் மூன்று சீட்டில் அதே சீட்டு மூன்றாவதாகச் சேர்வது நூற்றுக்கு 12 முறைகூட இல்லை. சேரவில்லை, எதிராளி பந்தயம் கட்டுகிறார் என்றால் விட்டுவிடுங்கள்.

சேராத கையைத் துரத்தலாமா என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று. கையில் இரண்டு ஆட்டின், மேஜையில் இரண்டு ஆட்டின், ஒரே இனத்தில் ஐந்து சேர இன்னொரு ஆட்டின் வேண்டும், மேஜையில் விழ இன்னும் ஒரே சீட்டுதான் பாக்கி என்று வையுங்கள். உங்களுக்கு உதவும் சீட்டு 9 (13 ஆட்டினில் இந்த நான்கு போக மீதி). அதை இரண்டால் பெருக்கினால் 18 சதவீதம் (உண்மையில் 19.6, மனக்கணக்குக்கு இது போதும்). பானையில் (எல்லோரும் கட்டிய சிப்ஸ் சேரும் இடம்) 200 இருக்கும்போது எதிராளி 200 கட்டினால், மொத்தம் 600 ஆகும் பானைக்கு நீங்கள் போட வேண்டியது 200, மூன்றில் ஒரு பங்கு. 33 சதவீத விலை கொடுத்து 20 சதவீதம்கூட இல்லாத வாய்ப்பை வாங்கக் கூடாது. பானையில் 500 இருந்து அவர் 100 மட்டும் கட்டினால் உங்கள் பங்கு 700க்கு 100, அதாவது 14 சதவீதம். தாராளமாக கால் போடலாம்.

சிக்னல் விஷயம்: பர்ப்பிள் லைன் கப்பன் பார்க்கிலிருந்தும், மெஜஸ்டிக்கில் மாறிய பின் கிரீன் லைன் கே.ஆர். மார்க்கெட் வரையும் சுரங்கத்தில் போகிறது. மூன்றாம் பாகம் நெட்டில் மற்றவர்களோடு ஆடுவது. உங்கள் முறை வந்து நேரம் கடந்தால் ஆட்டம் யாருக்காகவும் நிற்காது. கை போய்விடும், பானையில் போட்டதும் போய்விடும். எம்.ஜி. ரோடு தாண்டும் முன் மேஜையை விட்டு எழுந்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், பழகுவதற்கு நீங்கள் இரண்டாம் பாகத்துக்கே போவது நல்லது. அது நெட் இல்லாமல் ஆடக்கூடியது, எதிராளிகள் கம்ப்யூட்டர். போக்கர் வெறும் அதிர்ஷ்டம் என்று டெக்சாஸ் அரசு தடை போட, திறமைதான் என்று நிரூபிக்க ஊர் ஊராக ஆடிப் போவது கதை. அவசரமில்லாமல் யோசிக்கலாம். மேலே சொன்ன கணக்கைக் கைக்குக் கை போட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் கம்ப்யூட்டரை ஏமாற்றிய பிளஃப் (நல்ல கை இருப்பதுபோல் பந்தயம் கட்டுவது) மனிதர்களிடம் எடுபடும் என்று நம்பிவிடாதீர்கள். கால் போடுவதையே வேடிக்கையாக நினைப்பவர்களிடம் பிளஃப் வீண். மூன்றாம் பாகத்துக்குத் திரும்பும்போது, இருக்கும் சிப்ஸில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் எந்த மேஜைக்கும் கொண்டுபோகாதீர்கள்.

டெலிகிராம் சிப்ஸ் வேண்டவே வேண்டாம். பணம் அனுப்பிய பிறகு சிப்ஸ் வராவிட்டால் கேட்க நாதியில்லை. வந்தாலும் கணக்கு முடக்கப்படலாம். ஜெயித்த சிப்ஸை விற்றால் விளையாட்டு பணத்துக்கு ஆடுவதாக மாறிவிடுகிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. இரண்டாம் பாகத்துக் கதாநாயகனின் வாதம் இங்கே செல்லாது.

ஆப்புக்குள்ளேயே விற்கும் சிப்ஸும் தேவையில்லை. தீர்ந்தால் அடுத்த இலவச சிப்ஸ் வரும்வரை காத்திருங்கள். தோற்ற சூட்டில் விரல் தானாக ‘வாங்கு’ பட்டனுக்குப் போகும். அதனால் ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கைரேகையோ பாஸ்வேர்டோ கேட்கும்படி இன்றே மாற்றுங்கள். அங்கே மாத பட்ஜெட் வைக்கவும் வசதி உண்டு. ஆனால் அது எச்சரிக்கை மட்டுமே செய்யும், வாங்குவதைத் தடுக்காது.