ஆறு பேர் பிளாஸ்மாவில் இரண்டு மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது?

கேள்வி: எல்சி-எம்எஸ்/எம்எஸ் கருவியில் (கலவையைப் பிரித்து, மூலக்கூறுகளை நிறையால் அளப்பது) பிளாஸ்மாவிலுள்ள ஒரு மருந்தை அளக்க முறை உருவாக்கி வருகிறேன். அசிட்டோநைட்ரைல் ஊற்றிப் புரதத்தை வீழ்த்தி, தெளிந்ததை ஏற்றுகிறேன். கேலிபரேஷன் (தெரிந்த அளவுகளை வைத்துப் போடும் அளவுக்கோடு) நன்றாக வருகிறது. ஆனால் 6 பேரின் பிளாஸ்மாவில் 2-இல் மட்டும் லோ க்யூசி (தெரிந்த குறைந்த அளவு மருந்து கலந்த சோதனை மாதிரி) 25% குறைகிறது. இன்டர்னல் ஸ்டாண்டர்டை (ஒப்பிட எல்லா மாதிரியிலும் ஒரே அளவு சேர்க்கும் பொருளை) மாற்றிவிடட்டுமா?

பதில்: பொறுங்கள், அதை அப்புறம் பார்க்கலாம். அசிட்டோநைட்ரைல் புரதத்தைத்தான் வீழ்த்தும். பிளாஸ்மாவிலுள்ள கொழுப்பு வகையான பாஸ்போலிப்பிடுகளில் கணிசமான பங்கு கரைசலிலேயே தங்கிவிடும். அவை உங்கள் மருந்தோடு சேர்ந்து காலம் (column) எனும் பிரிப்புக் குழாயை விட்டு வெளியே வந்தால், எலக்ட்ரோஸ்பிரே (மூலக்கூறுகளுக்கு மின்சுமை ஏற்றும் தெளிப்பு) துளியின் மேற்பரப்பில் இடத்துக்குப் போட்டி போட்டு மருந்தின் சிக்னலை அமுக்கிவிடும். அவற்றின் அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

நாளைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். பிரிப்புக் குழாய்க்கும் எம்எஸ்ஸுக்கும் (நிறையை அளக்கும் பகுதி) நடுவே ஒரு டீ-இணைப்பு வைத்து, சிரிஞ்சு பம்பில் மருந்துக் கரைசலைச் சீராக விடுங்கள். திரையில் நேர்கோடு ஓடும். இப்போது மருந்தில்லாத பிளாஸ்மா சாற்றை ஏற்றுங்கள். கோடு சட்டென்று பள்ளம் விழும் இடம்தான் ஆபத்தான இடம். கூடவே பாசிட்டிவ் மோடில் (நேர்மின் அயனிகளை அளக்கும் முறை) நிறை 184→184 சேனலையும் பாருங்கள். பாஸ்போலிப்பிடுகளில் ஒரு வகையான பாஸ்பட்டைடில்கோலின்கள் அதில் தெரியும்.

பள்ளம் மருந்தின் பீக்குக்குக் (சிக்னல் முகடு) கீழே விழுந்தால் கிரேடியன்டை (ஓட்டத்தின்போது கரைப்பான் கலவை மாறும் விதம்) மாற்றி பீக்கை நகர்த்துங்கள். முடியாவிட்டால் பாஸ்போலிப்பிடு நீக்கும் தட்டு வாங்கலாம்.

பலரும் தவறவிடும் ஒன்று: ஓட்டம் 3 நிமிடம்தான் என்றால், தாமதமாக வரும் லிப்பிடுகள் அடுத்து ஏற்றும் மாதிரியிலோ அதற்கடுத்ததிலோ போய் இறங்கும். அப்படியென்றால் அந்த 2 பிளாஸ்மாவும் நிரபராதிகள். ஏற்றும் வரிசையை மாற்றிப் பாருங்கள். குறைவு வேறு மாதிரிக்கு இடம் மாறினால் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் ஆர்கானிக் கரைப்பானைக் கூட்டிப் பிரிப்புக் குழாயைக் கழுவுங்கள்.

சரி, இன்டர்னல் ஸ்டாண்டர்டு. ஐசோடோப்பு ஏற்றியதே, அதாவது அதே மருந்தில் சில அணுக்களைக் கனமான வகையாக மாற்றியதே நல்லது. ஆனால் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) பல ஏறியிருந்தால் அது மருந்துக்குச் சற்று முன்னாலேயே வந்துவிடலாம். பள்ளத்தின் சரிவில் அந்தச் சிறு வித்தியாசமே கணக்கைக் கெடுக்கும். இரண்டு பீக்கையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். விலகினால் கார்பன்-13 ஏற்றியது தேவைப்படும், விலைதான் அதிகம்.

2022-இல் ஏற்கப்பட்ட ஐசிஎச் எம்10 வழிகாட்டி (இத்தகைய அளவீட்டு முறைகளைச் சரிபார்ப்பதற்கான சர்வதேச விதிமுறை), குறைந்தது 6 பேரின் பிளாஸ்மாவில் லோ, ஹை இரண்டு அளவிலும் மும்மூன்று முறை அளக்கச் சொல்கிறது. ஒவ்வொருவரிலும் முடிவு ±15%-க்குள் நிற்க வேண்டும். ஆறையும் சேர்த்து சராசரி எடுத்து அந்த 2-ஐ மறைக்க வழியில்லை.