ரூபாய் நோட்டுச் சேகரிப்பு: கேள்வி பதில்

கேள்வி: ஆயிரம் ரூபாய் நோட்டில் தஞ்சைப் பெரிய கோயில் இருந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. 1954இல் வெளிவந்த ஆயிரம் ரூபாய் நோட்டின் பின்புறத்தில் பெரிய கோயில் இருந்தது. 1978 ஜனவரியில் அந்த நோட்டு செல்லாததாக்கப்பட்டது.

கேள்வி: இஸ்லாமியர் பலர் மங்கலமாகக் கருதும் 786 என்ற எண்ணில் முடியும் பத்து ரூபாய் நோட்டு என்ன விலைக்குப் போகும்?

பதில்: நான் விலை சொல்வதில்லை. பெருந்தொகைக்கு வாங்கிக்கொள்வதாகக் கூறி முன்பணமோ வரியோ கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். ரிசர்வ் வங்கியே 2021இல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

கேள்வி: எண்ணுக்கு நடுவே நட்சத்திரம் உள்ள ஐந்நூறு ரூபாய் கள்ள நோட்டா?

பதில்: அல்ல. அச்சில் பழுதான நோட்டை நீக்கிவிட்டு, அதற்கு மாற்றாக நோட்டுக் கட்டினுள் வைக்கப்படும் நோட்டில்தான் முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் இடையே அந்தக் குறி இருக்கும். 2006இல் சிறு மதிப்பு நோட்டுகளில் தொடங்கிய இம்முறை, 2016இல் புதிய ஐந்நூறுக்கும் வந்தது. பின்புறத்தில் அச்சான ஆண்டையும், எண்ணின் பின்னணியில் உள்ள எழுத்தையும், ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பத்தையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். இவை மூன்றும் இல்லாத குறிப்பேடு முழுமையாகாது.

கேள்வி: ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையொப்பம் ஏன் இல்லை?

பதில்: அதை வெளியிடுவது ரிசர்வ் வங்கி அன்று, இந்திய அரசு. அதனால் நிதித்துறைச் செயலாளர் கையொப்பமிடுகிறார். 'தருவதாக உறுதியளிக்கிறேன்' என்ற வாசகமும் அதில் இராது. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, 1917இல், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் நாணய உருவத்துடன் முதல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 1926இல் நின்று, அடுத்த போரில் மக்கள் வெள்ளியைப் பதுக்கத் தொடங்கியதும் 1940இல் நாணயத்துக்கு நிகரான தகுதியோடு திரும்பியது. 1994இல் மறுபடி நின்று 2015இல் மீண்டும் வந்தது. சட்டப்படி அது நாணயமே.

மறுப்பு: காகிதத்தில் அச்சிட்டதை நாணயம் என்பது பொருந்தாது, ஐயா. என் ஆல்பத்தில் அது நோட்டுதான்.

பதில்: ஆல்பத்தில் எங்கு வைப்பது என்பது உங்கள் உரிமை, காகிதத்துக்குரிய பாதுகாப்பே அதற்கும் வேண்டும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால், 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் ஒரு ரூபாய் நோட்டையும் 'நாணயம்' என்ற சொல்லுக்குள் அடக்குகிறது, ரிசர்வ் வங்கிச் சட்டமோ வங்கி நோட்டுகளின் மதிப்புகளை இரண்டு ரூபாயிலிருந்துதான் தொடங்குகிறது. வடிவமைப்பிலும் இதற்குச் சான்று உண்டு: அந்த நோட்டில் ஒரு ரூபாய் நாணயத்தின் உருவமே வரையப்பட்டுள்ளது. ஆகையால் பட்டியலிடும்போது 'இந்திய அரசு' என்று தனித் தலைப்பிடுவதே முறை.

மறுப்பு: தனித் தலைப்பை ஏற்கிறேன், நாணயம் என்பதை ஏற்க மனம் வரவில்லை.

பதில்: தலைப்பைச் சரியாக இட்டாலே எனக்குப் போதும்.

கேள்வி: 786 உள்ள நூறு ரூபாய்...

பதில்: மேலே சொன்னதே இதற்கும் பொருந்தும்.

கேள்வி: 2016இல் செல்லாதவையான நோட்டுகளைச் சேகரிப்புக்காக வைத்திருக்கலாமா?

பதில்: ஆய்வுக்கும் நாணயவியலுக்கும் என்றால் மொத்தம் 25 வரை வைத்திருக்க 2017ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது, மற்றவர்களுக்குப் பத்துதான். மீறினால் அபராதம் உண்டு.

கேள்வி: கிழிந்த நோட்டை செலோ டேப்பால் ஒட்டலாமா? கறையைக் கழுவலாமா?

பதில்: இரண்டும் கூடாது. இஸ்திரி போடுவதும் கூடாது. பிவிசி உறைகள் நாளடைவில் பசைபோல ஒட்டிக் காகிதத்தைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறைகளையே வாங்குங்கள்.

கேள்வி: சிங்கப்பூர் பாலிமர் நோட்டுகள் பற்றி?

பதில்: என் சேகரிப்பு காகிதத்தோடு நிற்கிறது, பாலிமர் சேகரிப்பாளர் ஒருவரைக் கேளுங்கள்.

கேள்வி: 786 நோட்டை பிவிசி உறையில் வைக்கலாமா?

பதில்: எந்த எண்ணாக இருந்தாலும் பிவிசி வேண்டாம்.